பயத்தம் பணியாரத்தின் ஐந்தாவது சாமான்

என் மனைவிக்கு சீலியாக் என்று டாக்டர் சொன்ன நாளில் அவளுடைய எடை முப்பத்தொன்பது கிலோ. அதற்கு முன் இரண்டு வருடம் வயிற்றாலடியும் மயக்கமுமாகக் கிடந்தவள். கோதுமையில் உள்ள குளூட்டன் ஒரு பொட்டு உள்ளே போனாலும் குடல் புண்ணாகி, நான்கு நாள் எழும்ப மாட்டாள். சூப்பர்மார்க்கெட்டில் இந்த வருத்தக்காரருக்கென்று விற்கிற பாணை, அந்தப் பிரெட்டை, அவளால் விழுங்க முடியவில்லை. அவளுக்கு வேண்டியது இடியப்பம். எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டால், "அரிசி மாதான், கொஞ்சம் கோதம்ப மா கலந்தது" என்பார்கள். அந்தக் கொஞ்சம்தான் எங்களுக்கு எமன்.

பிறகு தெற்கு லண்டனில், மிச்சம் என்ற ஊரில் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருக்கும் அதே வருத்தம். தன் குசினிக்குள் கோதுமை என்ற சாமானையே விடாமல், தனி அரிசி மாவில் இடியப்பம் அவித்து ஆறு வீடுகளுக்குக் கொடுக்கிறார். பதினான்கு மாதத்தில் என் மனைவி ஏழு கிலோ ஏறினாள். லண்டனில் வேறு இப்படி ஒருவரை எங்களுக்குத் தெரியாது. அவர் நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று நாளுக்கு ஒரு தடவையாவது நினைத்துக் கலங்குவேன்.

அவருக்கு எப்படி நன்றி காட்டுவது? எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அது மேடையில், கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கத் தொடங்கிய பிறகு சொல்வது. ஆகவே ஏதாவது கொண்டுபோகவேண்டும். செவன் கிங்ஸில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை பயத்தம் பணியாரம் சுடுவதில் கெட்டிக்காரி. பயறு, சீனி, தேங்காய்ப்பூ, மிளகு. நான்கு சாமான், நான்கிலும் கோதுமை இல்லை. விரல் மடித்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்த பிறகுதான் இருபத்துநான்கு சுடச் சொன்னேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ட்ராமில் போனேன். கதவைத் திறந்தவர் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அங்கிள், கவுன்சிலில இருந்து செக் பண்ண வந்த ஆள் மாதிரி நிக்கிறியள்?"

"உங்களுக்குத்தான் பிள்ளை. பயத்தம் பணியாரம்."

குசினி மேசையில் ஆறு தட்டுகள். தட்டுக்கு முப்பது இடியப்பம், ஆறுவதற்காக மூடாமல் இருந்தன. அவற்றின் அருகே பெட்டியை வைத்துத் திறந்தார்.

"உள்ளுக்கு என்ன போட்டது?"

"பயறு, சீனி, தேங்காய்ப்பூ, மிளகு. நாலே நாலு."

"நீங்கள் எண்ணினா அது சரியாத்தான் இருக்கும்."

ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தார். மேல் கோது மொறுமொறுவென்று நொறுங்கி, தூள் மேசையெங்கும் சிந்தியது. முதல் தட்டின் ஓரத்திலும் இரண்டு பொட்டு விழுந்தன. பணியாரத்தின் உள்ளே மண்ணிறம். மேலே வெளிர் மஞ்சள். அந்த மஞ்சளைப் பார்த்தபடி நின்றேன். நான் எண்ணிய நான்கில் எதற்கும் அந்த நிறம் இல்லை.

பணியாரத்தை மாக்கரைசலில் தோய்த்துத்தான் பொரிப்பார்கள். வருத்தம் வருவதற்கு முன் என் மனைவி அடுப்பருகில் ஒரு சட்டியில் அதைக் கரைத்து வைத்திருப்பாள். அரிசி மா, தேங்காய்ப்பால். இன்னுமொரு கைப்பிடியும் போடுவாள். அந்தக் கைப்பிடி என்ன மா?

பேசாமல் இருந்து, எங்கள் பங்கு முப்பதை வழியில் குப்பையில் போட்டுவிட்டு, மனைவிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம். வருத்தம் வந்தாலும் எதனால் என்று இவருக்குத் தெரியவராது. இந்தக் கதவும் எங்களுக்குத் திறந்தே இருக்கும். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். மற்ற ஐந்து தட்டுகளும் எனக்கு முன்னால்தான் இருந்தன. ஏழு எண்ணும்வரை வாய் திறக்கவில்லை. அவர் பாதித் துண்டை உதட்டருகே கொண்டுபோய்விட்டார்.

"பிள்ளை, வாயில வையாதேங்கோ."

கை நின்றது. "ஏன்?"

"தோய்ச்ச மா என்ன மா எண்டு நான் கேக்கேல்லை."

துண்டை மெதுவாகக் கீழே வைத்தார். "இப்ப கேளுங்கோ."

போனை ஸ்பீக்கரில் போட்டு என் தங்கையை அழைத்தேன்.

"கோது நிக்கவேணுமே அண்ணை. ரெண்டு கரண்டி கோதம்ப மா போட்டனான். ஏன், வெடிச்சிட்டுதோ?"

"இல்லை."

"பின்னை என்ன, இனிப்புக் காணாதோ?"

அழைப்பைத் துண்டித்தேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாயடிக்குப் போய் முழங்கைவரை கழுவினார். நகங்களுக்குள் கழுவினார். பிறகு ஒரு கறுப்புப் பையை விரித்து, பணியாரப் பெட்டியைப் போட்டார். அதன்மேல் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். விடிய எழும்பிப் பிழிந்த நூற்றெண்பது இடியப்பம். ஆறாவது தட்டைப் பிடிக்க நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

"தொடாதேங்கோ அங்கிள். உங்கட கையிலயும் இருக்கு."

கைகள் உடுப்பில் படாமல் அகட்டிப் பிடித்தபடி வாசலில் நின்றேன். அவர் ஐந்து வீடுகளுக்குப் போன் எடுத்தார். ஐந்து தடவையும் ஒரே வசனம்: "இண்டைக்கு மாவில ஒரு பிழை விட்டிட்டன், வெள்ளிக்குத்தான் தரலாம்." மூன்றாவது வீட்டில் ஒரு ஆண்குரல், "உங்களை நம்பித்தானே இருக்கிறம்" என்று சத்தம் போட்டது எனக்கும் கேட்டது. அவர் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் உங்கட பிழை எண்டு சொன்னனீங்கள்? கொண்டுவந்தது நானெல்லோ."

"கொண்டுவந்தது நீங்கள். உள்ளுக்கு விட்டது நான்." மேசையைத் துடைக்கத் தொடங்கினார். "அன்ரிக்கு நீங்களே சொல்லுங்கோ. அவவுக்கு நான் பொய் சொல்ல மாட்டன்."

"வெள்ளிக்கிழமை..." என்றேன்.

"இதைத் துடைச்சு முடிக்க விடுங்கோ."

சோப்புத் தண்ணீரில் நான்கு தடவை துடைத்தார். துணியையும் பையில் போட்டுக் கட்டினார். முடிச்சைப் பார்த்தபடி, "பத்தரைக்கு" என்றார்.

ட்ராம் ஸ்டொப்பில் நின்று மனைவிக்குப் போன் எடுத்து, எதையும் மறைக்காமல் சொன்னேன். அந்த ஏழு எண்ணிக்கையையும் சொன்னேன்.

"அவ சாப்பிட்டவவோ?"

"இல்லை. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவ."



"இனித் தருவாவோ?"

"வெள்ளி பத்தரைக்கு வரச் சொன்னவ."

"ஆரை, உங்களையோ?"

வந்து நின்ற ட்ராமில் ஏறாமல் அதைப் போகவிட்டேன்.

"வெள்ளிக்கு நானும் வாறன்," என்றாள். "நான் உள்ளுக்குப் போய்க் கதைக்கிறன். நீங்கள் ஸ்டொப்பிலயே நில்லுங்கோ."