ராஜாவின் முட்டி

மகளின் கல்யாண வரவேற்பில் நான் மேடையேறிப் பேச வேண்டும். பயத்தில் கழிப்பறைக்கே குடிபோய்விட்டேன். வெளியே இழுத்துவந்து, ஒப்பனைக்காரப் பெண் முகத்தில் பவுடரை அப்பினாள். அந்த வாசனை என்னை எஸ்டேட் கோயில் திருவிழா நாடகத்துக்குத் தூக்கிப்போனது.

ரப்பர் பால்மரம் சீவும் அப்பாதான் ராஜா. கூலிக் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணியைக் கண்டால் தொப்பியைக் கழற்றித் தரையைப் பார்ப்பவர். நான் ஈட்டி பிடித்த சேவகன்.

மேடைக்குப் பின்னால் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், முட்டி ஆடுதுடா. முன்வரிசைல கிராணி ஒக்காந்திருக்காரு."

"எனக்கு மூத்திரமே வருதுப்பா."

"இப்ப முடியாதுலா, வா."

மேடையிலும் அவர் முட்டி ஆடியது. ஆனால், உட்கார்ந்திருந்த மந்திரியைப் பார்த்து, "எழுந்து நில்!" என்று முழங்கினார். மந்திரி எழுந்தார். முன்வரிசையில் கிராணியும் எழுந்துவிட்டார்!

யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் புல்லரித்தது. எங்கள் லயத்து வீட்டில் இந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது? அப்பாவுக்கும் அதே திகைப்பு. அடுத்த வசனத்தையே மறந்து நின்றார்.

மறுநாளும் கிராணிக்கு வணக்கம் சொன்னார். தொப்பியை மட்டும் கழற்றவில்லை.

"என்னப்பா, முட்டி இப்படி ஆடுது?" என்றாள் மணக்கோலத்தில் மகள்.

"ராஜ பரம்பரைம்மா, அப்படித்தான் ஆடும்" என்று மைக்கை வாங்கினேன்.