கட்டுமரக்காரன் மேல நைனா கட்டின பந்தயம்

ஈர வலைய மணல்ல விரிச்சிப் போட்டா ஒரு நாத்தம் வரும் பாருங்க... உப்பு, பாசி, செதிலு, நூலுக்கு ஏத்தற சாயம், எல்லாம் கலந்துகினு. மத்தவங்களுக்கு அது கலீஜ். எனக்கு அதுதான் கத புக்கு வாசன.

எம்பத்தஞ்சு தாண்டிட்டேன். பேத்தி இந்த போன்ல எழுத கத்துக் குடுத்தா. சொம்மா குந்தினு இருக்க முடியல, எழுதறேன்.

அம்பதுங்கள்ல ராயபுரம் கடலோரம் எங்க குப்பம். எங்க தெருவுல தடுமாறாம படிக்கத் தெரிஞ்சது நான் ஒருத்திதான். எட்டாங்கிளாஸ்! பள்ளிக்கோடம் விட்டா நேரா கரைக்குப் போயிடுவேன். அந்த நேரத்துல ஆம்பளைங்க குந்திகினு கிழிஞ்ச வலைய தெச்சிகினு இருப்பாங்க. கைக்கு வேல, காதுக்கு வேல இல்ல. அதுக்குத்தான் நானு. கல்மண்டபத்துல ஒரு வாடக புக்கு கட. மர்ம நாவலா பாத்து எடுத்தாந்து, தெனம் ஒரு அத்தியாயம் சத்தமா படிப்பேன்.

விமர்சனம்லாம் அங்கயே சுடச்சுட வரும்.

"இவ இன்னாடி எதுக்கெடுத்தாலும் மயக்கம் போட்டு வுழறா? கஞ்சி குடிக்கலயா?"

"இந்த போலீஸ்காரன் வேஸ்ட்டு. இவன் பேசறத தாண்டிப் படி."

அப்டித்தான் ஒரு புக்கு வந்துச்சி. ஒரு ஜமீன்தார யாரோ கொன்னுட்டாங்க. சந்தேகம் ரெண்டு பேரு மேல... குடும்ப டாக்டரு, அப்பால ஒரு கட்டுமரக்காரன். கட்டுமரக்காரன் போலீஸ்ல சொல்றான், "கொல நடந்தப்ப நான் கடல்ல இருந்தேன். கோவளத்துலேர்ந்து பாய் கட்டி ரெண்டே மணி நேரத்துல மெட்ராஸ் வந்து சேர்ந்தேன்"னு. கத நடக்கறது மார்கழி மாசம்.

வல தெச்சிகினு இருந்த கையெல்லாம் நின்னு பூட்ச்சி.

"நிறுத்துடி," இன்னாரு எங்க நைனா. "மார்கழியிலயா?"

"ஆமா நைனா."

"கோவளத்துலேர்ந்து வடக்காலயா?"

"அப்டித்தான் போட்டுக்கீது."

"வாடக்காத்து மூஞ்சியில அடிக்கும், தண்ணி தெக்கால இழுக்கும்... ரெண்டு மணி நேரத்துல வந்துட்டானாமா? பொய்யி! திருட்டுப்பய, இவந்தான் கொலகாரன்!"

கரையே ஒத்துக்கிச்சி. சூச மாமா மட்டும் ஒத்துக்கல. பக்கத்து வூட்டுக்காரரு, ஹார்பர்ல கிரேன் வேல. ஷிப்ட் முடிஞ்சதும் கத கேக்க வந்துடுவாரு. "டாக்டருதான்டா. சாவு வூட்ல கூட சிரிச்சி சிரிச்சிப் பேசறான் பாரு."

பேச்சு முத்திப்போயி பந்தயமே கட்டிட்டாங்க. கட்டுமரக்காரன்தான் கொலகாரன்னா, சூச மாமா ஒரு வாரம் நைனாவோட வலைய தோள்ல தூக்கணும். டாக்டருன்னா, நைனா மீசைய எடுக்கணும்.

அய்யோ, அது லேசுப்பட்ட மீசையா? தெனம் வெளக்கெண்ண தடவி முறுக்குவாரு. அவங்கப்பா செத்தப்ப ஒருவாட்டி எடுத்ததோட சரி. மீச இல்லாம ஆம்பள வெளிய வந்தா வூட்ல எழவுன்னு அர்த்தம். அம்மா தலையில அடிச்சிகினா. "கத புக்குக்குப் போயி எவனாச்சும் மீசைய பந்தயம் வெப்பானா?"

நான் வூட்டுக்கு ஓடி மொதல் வேலயா கடேசி அத்தியாயத்தத் தொறந்தேன்.

டாக்டரு.

எழுதினவரு கடல் பக்கமே போவாத மனுசன் போல. காத்தாவது கீத்தாவது! அவரு இஷ்டத்துக்கு கட்டுமரத்த ஓட்டிக்கீறாரு. கட்டுமரக்காரன் சொக்கத்தங்கம். கடேசில அவனுக்குக் கல்யாணம் வேற.

முடிவு படிக்கற அன்னிக்கி பொம்பளைங்க கூட வேலய போட்டுட்டு வந்துட்டாங்க. நைனா மீசைய முறுக்கிகினு முன்னால குந்தினு இருந்தாரு. அவரு மூஞ்சியப் பாத்தேன். அச்சுல டாக்டருன்னு கீது, என் வாயி "கட்டுமரக்காரன்"னு சொல்லிடிச்சி.

விசிலுன்னா விசிலு! ஆனா மிச்ச நாலு பக்கத்த யாரு படிக்கறது? டாக்டரு கார்ல தப்பிச்சி ஓடறான். நான் கார கட்டுமரமா மாத்திட்டேன். பின்னால வந்த போலீஸ் ஜீப்ப மாத்த மறந்து பூட்டேன்.

"கடல்லயாடி ஜீப்பு?" இன்னாரு சூச மாமா.

"கரையோரமா மாமா... இவன் தண்ணில போறான், அவங்க மணல்ல தொரத்தறாங்க."

"மணல்ல ஜீப்பு பொதையாதா?"

"பொதஞ்சிடிச்சி மாமா. அடுத்த வரி அதான்."

டயரு வெடிச்சி டாக்டரு மாட்டறான்னு போட்டிருந்துச்சி. நான் "மரம் அலையில கவுந்துச்சி, மாட்டிகினான்"னு முடிச்சி புக்க மூடிட்டேன்.

நைனாவுக்கு தல கால் புரியல. "எழுதினவன் வெவரமான ஆளுடி. காத்து தெரிஞ்சவன்! அந்தக் கடக்காரர் கிட்ட ரெண்டு வார்த்த சொல்லிட்டு வரேன்"னு புக்கப் புடுங்கிகினு கல்மண்டபத்துக்குக் கெளம்பிட்டாரு.

திரும்பி வந்தப்ப வாய துண்டால மூடிகினு இருந்தாரு. அம்மா துண்ட இழுத்தா... மீசயக் காணோம். அவ போட்ட சத்தத்துல தெருவே ஓடியாந்துச்சி. "யாரு பூட்டாங்க? யாரு பூட்டாங்க?"

"ஒருத்தரும் பூடல. உப்புக்காத்துக்கு அரிச்சிகினே கெடந்துச்சி, எடுத்துட்டேன். போயி வேலயப் பாருங்க."

மறுநாள் காலையில சொன்ன வாக்குப்படி சூச மாமா வந்து வலையத் தூக்கினாரு. நைனா வுடல. "வையிடா கீழ. நானே தூக்கிக்கறேன்." மாமா அவரு மொகத்தப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. வலைய மணல்ல வெச்சிட்டு ஹார்பருக்குக் கெளம்பிட்டாரு.

என்னயும் ஒரு வார்த்த திட்டல மனுசன். சாயங்காலம் வேற புக்கு ஒண்ண கையில குடுத்தாரு. "இதப் படிம்மா. கடல் வராத கதயான்னு கேட்டு வாங்கியாந்தேன்."

கரையில குந்தி மொதல் பக்கத்தப் படிக்கறேன், அழுக முட்டிகினு வருது. கதையில யாரும் சாவக்கூட இல்ல.

இப்ப பேத்தி போன்ல புக்கு ஏத்திக் குடுக்கறா. ஊரே படிக்குதாம், ரேட்டிங்லாம் போடறாங்க. இந்த மாசம் மட்டும் மூணு த்ரில்லர் படிச்சேன்... வாய்க்குள்ளயேதான். மூணுலயும் கொலகாரன் பேர மாத்தாமத்தான் படிச்சேன்.

சண்டைக்குத்தான் ஒருத்தரும் வரல.