டப்பாவைத் திறந்து பார்க்கச் சொன்னவர்

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது ஜெயந்தி அக்காவின் கணவர் சுந்தரம் சாரிடமிருந்து போன் வந்தது. "சரசு, இனிமே ஞாயித்துக்கிழமை அவ வரமாட்டாம்மா," என்றார். காய்காரர் "தீதி, வேணுமா வேண்டாமா?" என்று வங்காளியில் கேட்டுக்கொண்டே நின்றார். கையிலிருந்ததைக் கூடையில் போட்டுவிட்டு, காளிகாட்டில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

ஜெயந்தி அக்கா அறுபதைக்கூடத் தொடவில்லை. விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்படி என்ன அவசரம் அவருக்கு என்று எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்காசிப் பக்கம் பிறந்தவர். வங்கி அதிகாரியான சுந்தரம் சாரை மணந்து கொல்கத்தாவுக்கு வந்தவர், இந்த ஊரிலேயே வேரூன்றிவிட்டார். லேக் மார்க்கெட்டில் ஒரு மளிகைக்கடை மாடியில், ஞாயிறு காலைகளில், இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதை வகுப்பு நடத்தினார். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள். அம்மாவின் உடன்பிறந்தவளை அழைப்பதுபோல் அவரை 'மாஷி' என்று வங்காளியில்தான் கூப்பிடுவார்கள்.

உதவிக்கு என்று போய்ச் சேர்ந்த எனக்கும் அவருக்கும் முதல் நாளே வாக்குவாதம். "இதுகளுக்கு எழுத்தே தகராறு. அதுக்குள்ள கதை என்னக்கா கதை?" என்றேன்.

"எழுத்து வந்துரும் சரசு. உள்ள என்ன நடக்குன்னு தெரியாமப் படிச்சா, ரேடியோ பாடுத மாதிரிதான். ரேடியோவுக்கு என்ன புரியும் சொல்லு," என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பென்சில் சீவினேன்.

வகுப்பில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதில் அவரும் உட்கார மாட்டார், என்னையும் உட்கார விடமாட்டார். தாமே எழுதிய கதையை நின்றபடி வாசித்து, முடிவுக்கு முன்னால் நிறுத்திவிடுவார். யாராவது ஒரு பிள்ளை போய் நாற்காலியில் உட்கார்ந்து, கதையில் வருகிற ஆளாகவே மாறிவிட வேண்டும். "நீ யாரு?" என்று தொடங்கி மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். இஷ்டத்துக்கு அளக்க முடியாது. எந்தப் பதிலுக்கும் கதையில் ஆதாரம் காட்ட வேண்டும். "எங்க இருக்கு? எங்க இருக்கு?" என்று எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். "மேல என்னம்மா, சட்டசபையா?" என்று மளிகைக்காரர் கீழேயிருந்து குரல் கொடுப்பார்.

பாப்லி வந்து சேர்ந்தது அங்கேதான். பெற்றவர்கள் வைத்த பெயர் காமாட்சி. பக்கத்து வீட்டு வங்காளிகள் வைத்த செல்லப்பெயர் நிலைத்துவிட்டது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. குழந்தை தடங்கலே இல்லாமல் கடகடவென்று வாசிப்பாள். என்ன படித்தாய் என்று கேட்டால் கடைசி வரியை அப்படியே ஒப்பிப்பாள். பள்ளியிலும் இதே பாடுதான். இன்னொரு வருடம் அதே வகுப்பில் இருக்கட்டும் என்று அங்கே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அவள் அம்மா படிக்கட்டில் நின்று அழுதாள். அப்பாவோ, "நல்லாத்தானே மேடம் வாசிக்கிறா?" என்று மல்லுக்கு நின்றார்.

"வாய் வாசிக்கு சார். மனசு பாலிகஞ்ச் ஸ்டேஷன்ல நிக்கு. கூட்டிட்டு வந்துருவோம், பயப்படாதீங்க," என்றார் அக்கா.

அவளுக்காகவே ஒரு கதை எழுதினார். தாமரை என்ற சிறுமி, அப்பாவின் மாற்றலால் புது ஊரில் புதுப் பள்ளிக்குப் போகிறாள். மாலையில் அம்மா, "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்கிறாள். "சூப்பர்!" என்கிறாள் தாமரை. அம்மா டிபன் டப்பாவைத் திறக்கிறாள். காலையில் வைத்த இட்லி அப்படியே இருக்கிறது.

"தாமரைக்கு ஸ்கூல் பிடிச்சுதா?" என்று அக்கா கேட்டார்.

"சூப்பர்னுதானே போட்டிருக்கு," என்றாள் பாப்லி.

"ஏளா, டப்பாவைத் தொறந்து பாரு."

அவள் விழித்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்களே சொல்லிக் குடுத்துடுங்களேன் அக்கா!" என்றேன். அவர் என் கையைப் பிடித்து அமர்த்தினார். "நான் சொன்னா அது என் கதை. அவளே பாத்தாத்தான் அவ கதை."

அதன் பிறகு வாரந்தோறும் வேறு வேறு கதைகள். ஒன்றில் டப்பாவுக்குப் பதில் நனைந்த செருப்பு. இன்னொன்றில் திறக்காத ஜன்னல். பாப்லி நாற்காலிப் பக்கமே போகவில்லை. "உக்காருவா சரசு. இன்னிக்கு இல்லன்னா இன்னொரு நாள்," என்பார் அக்கா.

கடைசியாக வந்த ஞாயிறு, மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினார். "உடம்புக்கு என்னக்கா?" என்று பிள்ளைகள் முன்னால்தான் கேட்டேன். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்!" என்றார். டீ என்றால் அவருக்கு உயிர். வழக்கம்போல் கீழே டீக்கடையிலிருந்து மண் குவளையில் டீ வந்தது. ஜன்னல் திட்டில் வைத்தேன். அவர் கதையை ஆரம்பித்தார். முடிவுக்கு முன்னால் நிறுத்தி, "மிச்சத்தை அடுத்த வாரம் நீங்க சொல்லுங்க," என்று சிரித்தார். அந்த வாரத்துக்குள் அவரை எரித்துவிட்டு வந்தோம்.

வகுப்பை மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சுந்தரம் சார் விடவில்லை. "பிள்ளைங்க வருவாங்கம்மா. கதவு பூட்டியிருந்தா என்ன நினைப்பாங்க?" என்றார். போனேன். எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கதைத்தாளை எடுத்தேன், எழுத்து கண்ணில் நிற்கவில்லை. அப்போது பாப்லி எழுந்து போய்ப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ யாரு?" என்றான் வகுப்புப் பையன் ரகு, பழக்கத்தில்.

"ஜெயந்தி மாஷி."

எழுந்திருடி என்று அதட்ட வாயெடுத்தேன். அதற்குள் ரகு கேட்டுவிட்டான்: "மாஷி, உடம்பு சரியில்லேன்னு ஏன் எங்ககிட்ட சொல்லல?"

பாப்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொன்னா நீங்க பயப்படுவீங்க. கதை நின்னுபோயிடும்."

"எங்க இருக்கு?" என்றான் ரகு, மெதுவாக.

அவள் ஜன்னல் திட்டைக் காட்டினாள். "அன்னிக்கு மாஷி கல்லு மாதிரி இருக்கேன்னு சொன்னாங்க இல்ல? ஆனா டீ அப்படியே இருந்துச்சு. குவளை நிறைய."

அந்தக் குவளையைக் கையில் எடுத்து, கீழே போய்க் கொட்டியவளே நான்தான். ஆறின டீ ஒரு வாய்கூடக் குறையாமல் கொட்டியது. டீ நன்றாகப் போடவில்லையா என்று டீக்கடைக்காரரை ஒரு பிடி பிடித்துவிட்டும் வந்தேன். ஐயோ அக்கா, எழுத்து எழுத்தாகப் படித்தேனே! பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. பாப்லியும் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து என் மடியில் முகம் புதைத்து அழுதாள். நீங்கள் காத்திருந்தது இவள் நாற்காலியில் உட்காருவதற்குத்தானே அக்கா. நான்கு நாள் பொறுத்திருந்து பார்த்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா?

கீழிருந்து டீ வந்தது. டீக்கடைக்காரர் பழைய பழக்கத்தில் உங்களுக்கும் ஒரு குவளை சேர்த்து அனுப்பிவிட்டார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் நின்றேன். பாப்லி வாங்கி ஒரு வாய் குடித்து ரகுவிடம் கொடுத்தாள். அவன் அடுத்தவளிடம் கொடுத்தான். நீங்கள் நிறுத்திவிட்டுப் போன கதையின் முடிவை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே கடைசிப் பிள்ளை வரைக்கும் கைமாற்றிக் குடித்தார்கள்.

போய் வாருங்கள் அக்கா. இன்றைக்குக் குவளை காலி.