கடைசி வரிசையில் வெர்னாவின் டிரெய்லர்

கொட்டகையின் கடைசிக் கோடியில் தனக்கு இடம் வேண்டும் என்று வெர்னா கேட்டபோது, இவளுக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன்.

"வாசலோரம்தானேடி உங்க இடம்? முப்பத்தோரு வருஷமா அங்கதான நிக்குது?"

"இந்த வருஷம் கடைசியில வேணும், மார்லிஸ். முதல் ஆளா நான்தான் உள்ள வருவேன்."

"அப்புறம் மே மாசம் மீன்பிடி தொடங்கற அன்னிக்கு எடுத்துக் குடுன்னு என் உசுர வாங்கக் கூடாது. முன்னாடி நிக்கிற அத்தனை வண்டியும் போனாத்தான் உன்னுது நகரும்."

"தெரிஞ்சுதாண்டி கேக்கறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

என் கொட்டகை ஒரு காலத்தில் வான்கோழி வளர்த்த இடம். கோழிகளை விட்டொழித்த பிறகு, அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை ஊரார் தங்கள் டிரெய்லர்களையும் படகுகளையும் கொண்டுவந்து இதில் அடைப்பார்கள். இந்த மின்னசோட்டா குளிரில் வெளியே விட்டால் கூரை பனியின் பாரம் தாங்காது. வாசல் ஒன்றுதான். முதலில் போனது கடைசியில்தான் வெளியே வரும். அடுத்தவர் வண்டியை நான் தொட மாட்டேன், வேறு யாரையும் தொட விடவும் மாட்டேன். ஒரு முறை தொட்டு விளக்கை உடைத்ததில், மூன்று வருஷம் ஒருத்தி என்னோடு பேசாமல் இருந்தாள். அன்றோடு சரி.

வெர்னாவும் அவள் கணவன் டுவேனும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவர்களுடையது பதின்மூன்று அடி டிரெய்லர், முட்டை மாதிரி உருண்டையாக இருக்கும். உள்ளே ஒரு படுக்கை, ரெண்டு அடுப்பு, முழங்கால் இடிக்கும் மேசை. அதை பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி, ஏரி ஏரியாகச் சுற்றுவார்கள். ஓட்டுவது டுவேன். பின்னால் நின்று கை காட்டுவது வெர்னா. முகாமில் அவர்கள் ரிவர்ஸ் எடுக்கும் நேரத்துக்கு மற்றவர்கள் நாற்காலியும் காபியுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவன் ஜன்னல் வழியாகக் கத்துவான், இவள் காதில் போட்டுக்கொள்ளாமல் கை காட்டுவாள். அதைப் பார்ப்பதே ஒரு திருவிழா.

போன பிப்ரவரியில் டுவேனுக்குப் பக்கவாதம் வந்தது. இடக்கையும் இடக்காலும் பாதிதான் தேறின. வண்டி ஓட்டக் கூடாது என்று லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். கோடை முழுக்க டிரெய்லர் வீட்டு முற்றத்திலேயே நின்றது. செப்டம்பரில், வெர்னாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தூண்டில் கடைப் பலகையில் 'விற்பனைக்கு' என்று சீட்டு ஒட்டிவிட்டான். பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் போன் செய்து விலை பேசியபோதுதான் அவளுக்கே தெரிந்தது. நவம்பரில் மான் வேட்டைக்குப் போக அவனுக்கு டிரெய்லர் உடனே வேண்டுமாம். சனிக்கிழமை கொட்டகையில் விட்டால் திங்கட்கிழமை வந்து இழுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

எனக்கு டுவேன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. நேரில் கேட்டேன்.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"யாரு ஓட்டறது? இவளா? காலி வண்டிய ரிவர்ஸ் எடுத்தே தபால் பெட்டிய சாய்ச்சவ. அது முற்றத்துல நிக்கறத ஜன்னல் வழியா தினம் என்னால பாத்துட்டிருக்க முடியல, மார்லிஸ்" என்றான். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் திட்ட எனக்கும் மனசு வரவில்லை.

வெர்னா அழவில்லை, சண்டையும் போடவில்லை. அவன் பிசியோதெரபிக்குப் போகும் செவ்வாயும் வியாழனும் அவனை அங்கே இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து டிரெய்லரை மாட்டிக்கொண்டு தேவாலயத்து வாகன நிறுத்தத்துக்குப் போனாள். ஐஸ்கிரீம் வாளிகளைத் தூண்களாக வரிசை வைத்து அவற்றுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்தாள். முதல் வாரம் பதினொரு வாளி நசுங்கின. டிரெய்லர் விஷயத்தில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் பின்னால் இருப்பது இடப்பக்கம் போகும். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகும் பக்கமே டிரெய்லரும் போகும் என்று பாதிரியார்தான் சொல்லிக்கொடுத்தார். அவர் அப்பா மாடு ஏற்றும் டிரெய்லர் ஓட்டியவராம். மூன்றாம் வாரம் ஒரு வாளிகூட நசுங்கவில்லை. நானே போய்ப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, பத்து முறை முன்னும் பின்னும் போனாள்.

அந்த மாதம் அவள் டிரெய்லருக்குள் வேறு என்னவெல்லாமோ செய்துகொண்டிருந்தாள். துளையிடும் கருவியை என்னிடம்தான் இரவல் வாங்கினாள். எதற்கு என்றால், "வந்து பாரு" என்பாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். ஓட்டுவது வெர்னா. பக்கத்தில் டுவேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. திங்கட்கிழமை விற்கப்போகிற சாமானைக் கொண்டுவருகிறோம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். குழாய்களிலிருந்து தண்ணீரை வடித்து, உறையாமலிருக்க இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றி, எலி நுழையும் ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, எல்லாம் முன்பே முடித்திருந்தாள். விற்கிற வண்டிக்கு ஏன் இத்தனை பாடு, வாசலோரம் நிற்கிற வண்டி ஏன் முதல் ஆளாக வருகிறது என்றெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

கைத்தடியோடு இறங்கி, வாசலோரம் டிரெய்லரின் பழைய இடத்தில் நின்று கை காட்டினான்.

"இடப்பக்கம்! இடப்பக்கம்னு சொல்றேன்ல! போதும், நிறுத்து!"

வெர்னா நிறுத்தவில்லை. டிரெய்லர் அவனைத் தாண்டி, தூண்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"வெர்னா! எங்க போறே? நிறுத்துடீ!"

நொண்டிக்கொண்டே பின்னால் ஓடி, நல்ல கையால் டிரெய்லரின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினான். கொட்டகையின் பாதியில் வண்டி நின்றது. அவள் இறங்கி வந்தாள்.

"கடைசியில விட்டா திங்கக்கிழம எப்படி எடுப்பான்?"

"எடுக்க மாட்டான்."

"என்னைக் கேட்டியா?"

"நீ என்னைக் கேட்டியா? சீட்டு ஒட்டறதுக்கு முன்னாடி கேட்டியா?"

அவன் வேறு வழியில் வந்தான். "மீன்பிடி தொடங்கற நாள் போயிடும். இந்த வருஷத்தத் தவிர ஒரு வருஷம்கூட நான் விட்டதில்ல."

"ஜூன்ல போவோம். ஜூன்ல ஏரியில மீன் இருக்காதா?"

"என்னால ஏறவே முடியாதுடி அதுல!" என்று கத்தினான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் விற்கத் துணிந்ததன் காரணம் ஓட்ட முடியாதது அல்ல என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெர்னாவுக்கு அது முன்பே புரிந்திருந்தது. அவன் பார்த்திராத மறுபக்கம் போய், டிரெய்லரின் கதவைத் திறந்தாள். பழைய ஒற்றை இரும்புப் படி இருந்த இடத்தில், அகலமாக இரண்டு மரப் படிகள். கதவின் வலப்பக்கம் கெட்டியான கைப்பிடி ஒன்று.

"ஏறு" என்றாள்.

"மாட்டேன்."

"ஏறுடா" என்றேன் நான். "குளிருது."

வலக்கையால் பிடித்துக்கொண்டு ஏறினான். உள்ளே படுக்கை கிறீச்சிட்டது. பிறகு டிரெய்லர் கதவருகே வந்து நின்றான். படியைப் பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக இறங்குவதென்றால் அவனுக்கு நடுக்கம். ஏறும்போது வலக்கைக்கு இருந்த பிடி, திரும்பி நின்றால் செத்த கையின் பக்கம் போய்விடுகிறது அல்லவா?

"எறங்கறப்ப எதப் புடிக்கிறது? அத யோசிச்சியா?" என்றான், ஜெயித்துவிட்டவன் மாதிரி.

"உன் வலப்பக்கம் பாரு."

கதவின் உட்புறம், எதிர்ப்பக்கச் சட்டத்தில் இன்னொரு கைப்பிடி இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையை நீட்டிப் பிடித்தான். ஒரு படி. இன்னொரு படி. தரையில் நின்றான். வெர்னா கையைக் கட்டிக்கொண்டு நின்றாளே தவிர, தாங்க ஓடவில்லை. அதற்கு அவள் எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பது முழங்கையில் அழுந்திப் பதிந்த அவள் விரல்களைப் பார்த்த எனக்குத் தெரியும்.

"திருகாணி கோணலா இருக்கு" என்றான்.

"நீ வந்து நேராக்கு."

அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள். டுவேன் அங்கேயே நின்றான். எந்தப் பக்கம் போகப் போகிறான் என்று நான் பார்த்தேன். வாசலுக்குப் போனால் அவளுடைய மூன்று வாரப் பாடும் வீண். கைத்தடியை ஊன்றி ஊன்றி அவன் உள்ளே நடந்தான். கடைசிச் சுவர்வரை போய், வெர்னா எப்போதும் நிற்பாளே, அதே மாதிரி கண்ணாடியில் தெரியும்படி ஓரமாக நின்றுகொண்டு, நல்ல கையை உயர்த்தினான்.

"வா" என்றான். "வா, வா. இன்னும் வா."

டிரெய்லர் சுவருக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. அவர்கள் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிக்கப்பைக் கழற்றி வெளியே எடுத்ததுதான் தாமதம், முற்றத்தில் நின்ற என் சொந்தப் படகைக் கொண்டுவந்து டிரெய்லருக்கு நேர் முன்னால் நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டி, சாவியை என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.