ஏணியக்காவின் வெறும் தாள்கள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆய்வு நிலையத்தில் அது யாருக்கும் தெரியாது, ஏணியக்கா என்றால்தான் தெரியும். காட்டின் நடுவே நிற்கும் இருநூறு அடி இரும்புக் கோபுரத்தில் பதினோரு வருஷமாக ஏறி இறங்குகிறவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? உச்சியில் ஒரு பம்பு, மரங்களுக்கு மேலிருக்கும் காற்றை இழுத்து வடிதாள் வழியாக விடும். காற்றில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தாளில் தங்கிவிடும். தாளை மாற்றி, டப்பாவில் மூடி, குளிர்பெட்டியில் வைப்பது அவள் வேலை.

சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. பசிக்கிறதே என்று கோபுர உச்சியில் கையுறையைக் கழற்றி ஒரு வாழைப்பழத்தைத் தின்றவள், அதே கையோடு தாளைத் தொட்டுவிட்டாள். ஆய்வகத்தில் பழத்திலிருந்த பொட்டாசியம் எகிறிப்போய், ஒரு மாத வேலை குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து வேலை நாளில் அந்தப் பழத்தின் பக்கமே போவதில்லை. வாரத்துக்கு ஒரு வெறும் தாளையும் கூடவே மேலே கொண்டு போனாள். அதே கையால் மாட்டி, பம்பைப் போடாமலே கழற்றி மூடுவாள். கையில் கோளாறு இருந்தால் அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று வருஷம் முன்பு வந்த தலைமை அதிகாரி, இதெல்லாம் வீண் வேலை, நிறுத்துங்கள் என்று உத்தரவு போட்டார். சரி சார் என்று தலையாட்டிவிட்டு அவள் பாட்டுக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

அந்த மூன்று வருஷத்து விடியற்காலைத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் பொட்டாசியம் உப்பு. காட்டுத்தீயின் புகை என்றால் கரியும் இருக்க வேண்டும், தாள்களோ வெள்ளை வெளேரென்று இருந்தன. மேற்கொண்டு யோசிக்க அதிகாரிக்கு நேரமில்லை போலும். பழைய வாழைப்பழக் கதையைத் தோண்டி எடுத்து, 'என் கவனக்குறைவால் தாள்கள் கெட்டன' என்று கடிதம் அடித்து நீட்டினார். கையெழுத்துப் போட்டால் கிடங்கில் வேலை, போடாவிட்டால் வேலையே கிடையாது. எப்படியானாலும் மூன்று வருஷத் தாள்களும் குப்பைக்கு.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் தையற்காரக் கணவன் மெஷினை மிதித்துக்கொண்டே, மகள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, போட்டுத் தொலை என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"நல்லாத் தைச்ச சட்டைய, கோணலா வெட்டிட்டேன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

அவன் மெஷினை நிறுத்தினான்.

மறுநாள் குளிர்பெட்டியின் அடித்தட்டிலிருந்து நூற்றைம்பது டப்பாக்களை அள்ளிக்கொண்டு வந்து அதிகாரியின் மேசையில் அடுக்கினாள். எல்லாவற்றிலும் தேதி இருந்தது. ஆய்வகத்து வேதியியல் அம்மாளையும் கையோடு அழைத்து வந்திருந்தாள்.

"இதுல காத்தே படல. என் கை மட்டும்தான் பட்டிருக்கு. உப்பு என்னோடதுன்னா இதுலயும் இருக்கணும்."

வேதியியல் அம்மாள் ஒரு வாரம் சோதித்தார். வெறும் தாள் ஒன்றில்கூட உப்பு இல்லை. விடியற்கால ஈரத்தில் காட்டின் பூஞ்சைகளும் செடிகளும் நுண்ணிய உப்புத் துகள்களைக் காற்றில் விடுகின்றன, மரங்கள் விடும் ஆவி அவற்றின் மேல் படிந்து அவை பெரிதாகின்றன, மேகத் துளிகள் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் உருவாகின்றன என்று அதிகாரிக்கு விளக்கினார். தாள்கள் தப்பின.

அதிகாரிக்கு முகம் சுண்டிப்போனது. அப்படியும் விடவில்லை. அப்படியானால் மூன்று வருஷமாக என் உத்தரவை மீறியிருக்கிறீர்கள், அது குற்றமில்லையா என்று கேட்டார்.

"ஆமா சார், மீறினேன்."

மேசையில் கிடந்த கடிதத்தை இழுத்து, அடித்திருந்த வரிகளை எல்லாம் கோடு போட்டு நீக்கினாள். கீழே, 'வெறும் தாள் கொண்டு போகக்கூடாது என்ற உத்தரவை வாரம் தவறாமல் மீறினேன், இனியும் மீறுவேன்' என்று எழுதினாள்.

"இதுக்குப் போடுறேன் கையெழுத்து."

பெயரை முழுசாக எழுதினாள். வந்து மூன்று வருஷமாகியும் அந்தப் பெயரை அதிகாரி அன்றுதான் படித்தார்.