மைத்துனன் விற்ற லேப்டாப்

என் மனைவியின் தம்பியை எனக்குப் பிடிக்காது. அவனிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவனும் அதையே எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறான். சயான் பக்கத்துச் சந்து ஒன்றில், இரும்பு ஏணி ஏறிப் போகிற மாடியறையில் கடை வைத்திருக்கிறான். அலுவலகங்கள் கழித்துப்போட்ட லேப்டாப்புகளை வாங்கி, பிரித்துத் துடைத்து விற்பது தொழில். "கழிச்ச மாட்டுக்குக் கொம்பு சீவி விக்கிறவன்" என்பேன் நான். "அத்தான் தைக்கிற தோல் பை மட்டும் என்ன, செத்த மாடுதான" என்பான் அவன். வாய் மட்டும் நல்ல வாய்.

அப்படிப்பட்டவனிடம்தான் என் மகளுக்கு லேப்டாப் வாங்க வேண்டியதாயிற்று. அவள் பி.காம் முடித்து எழுதிப்போட்ட விண்ணப்பங்களில் ஒரே ஒரு கம்பெனிதான் கூப்பிட்டிருந்தது. வீடியோவில் நேர்காணல், பகல் மூன்று மணிக்கு. கம்பெனி அனுப்பிய சாஃப்ட்வேரை முந்தின வாரமே அந்த லேப்டாப்பில் ஏற்றி, முகம் காட்டிப் பதிவும் செய்துவிட்டாள். இனி வேறு கம்ப்யூட்டரில் அது திறக்காது. அது ஓடினால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

ஆயுத பூஜை முடிந்து இரண்டாம் நாள்தான் நேர்காணல். அன்று மகள் காலை ஒன்பது மணிக்குச் சார்ஜரைச் செருகிவிட்டுக் கூப்பிட்டாள்.

"அப்பா, ப்ளக் போட்டிருக்குன்னு காட்டுது. ஆனா சார்ஜ் ஏறலயாம்."

பேட்டரி நாற்பத்தெட்டு சதவீதம் என்றது.

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, உண்மையைச் சொன்னால். மைத்துனன் ஏமாற்றிவிட்டான் என்று நிரூபிக்க ஆறு வருடமாகக் காத்திருந்தேன். "சொன்னேன்லா? செத்த பேட்டரியத் தலையில கட்டிட்டான்" என்று மனைவியைப் பார்த்துக் கத்திவிட்டு லேப்டாப்பை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

மிக்ஸி போடும் ப்ளக்கில் மாட்டினேன். ஏறவில்லை. ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அதன் இடத்தில் மாட்டினேன். ஏறவில்லை. கவிழ்த்துப்போட்டு, இரண்டு கொக்கியையும் தள்ளி, பேட்டரியைக் கழற்றி லுங்கி நுனியால் துடைத்துத் திரும்ப வைத்தேன். போன் வீடியோவில் ஒரு ஆள் இந்தியில் சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை முப்பது எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தேன். மறுபடி அதே வாசகம்தான். கடைசியில், தையல் மெஷினில் பாபின் சிக்கினால் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். சார்ஜர் முனையை உள்ளே அழுத்தி, இப்படியும் அப்படியும் ஒரு திருகு.

டக்கென்று உள்ளே ஒரு சத்தம். அதுவரை ப்ளக் போட்டிருப்பதாகவாவது காட்டியது. இப்போது அதுவும் போய்விட்டது.

மைத்துனனுக்குப் போன் போட்டு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"அத்தான், காலிபீலி சும்மா கத்தாதிய. பக்கத்துல எல்லாரும் கேக்காங்க."

"கேக்கட்டும். எவனும் உன்ட்ட ஒரு டப்பாவையும் வாங்கக் கூடாதுல்லா."

அவன் மீட்டரை எடுத்துச் சார்ஜர் முனையில் வைத்தான். "பத்தொம்பதரை வோல்ட்டு. சார்ஜர் ஏக்தம் சரியா இருக்கு." பிறகு போன் டார்ச்சை லேப்டாப்பின் ஓட்டைக்குள் அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். என் தையல் ஊசி ஒன்றைக் கேட்டு வாங்கி உள்ளே சுரண்டினான். மஞ்சளாக ஒரு பொருக்கு ஊசி முனையில் வந்தது. அதை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மோந்து பாருங்க."

சந்தனம்.

எங்கள் பட்டறையில் பூஜையன்று கருவியின் வாயில்தான் பொட்டு வைப்போம். கத்தரிக்கோல் என்றால் இரண்டு அலகும் சேருமிடம், மெஷின் என்றால் ஊசி இறங்குமிடம். ஓடுகிற எதுவும் விடுபடக் கூடாது. முதுகில் பொட்டு வைத்து என்ன பயன்? லேப்டாப்புக்கு வாய் எது என்று தேடினேன். கரண்டு தின்கிற ஓட்டைதானே வாய்? விரல் நுனியால் தாராளமாக அப்பியிருந்தேன். மூடி வைத்த இரண்டு நாளில் அது கல்லாகிவிட்டது.

"உள்ள நடுவுல மயிர்தண்டி ஒரு கம்பி இருக்கு" என்றான், என்னைப் பார்க்காமல், மகளைப் பார்த்து. "வந்திருக்கது எந்த சார்ஜர்னு அதுதான் லேப்டாப்புக்குச் சொல்லும். அதச் சந்தனம் மூடிட்டு. ஆள் யாருன்னு தெரியல, அதான் பேட்டரிக்குள்ள விடல. சுரண்டியிருந்தாப் போயிருக்கும். உங்கப்பா திருகி, சார்ஜர் மாட்டுத ஜாக்கையே பேத்துட்டாரு. இனிப் பிரிச்சு வேற ஜாக் பத்தவைக்கணும். சாயங்காலம் ஆயிரும்."

"ஒரு பொட்டு சந்தனத்துக்குத் தாங்காத சாமான எதுக்குல வித்த?" என்றேன். விடுவேனா?

மனைவி அடுப்படியிலிருந்து திரும்பினாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இனி அந்த லேப்டாப்பத் தொட்டிய, கைய ஒடிச்சிருவேன்."

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்று.

அவன்தான் வேலையைப் பார்த்தான். திரை வெளிச்சத்தைக் குறைத்தான். தேவையில்லாதது எல்லாவற்றையும் மூடினான். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்வரை லேப்டாப்பை அணைத்து வைக்கச் சொன்னான். எங்களுடையது ஒற்றை அறை. அதனால் மூன்று மணிக்கு அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வெளியே வந்தோம். மனைவி பக்கத்து வீட்டுக்குப் போனாள். சந்தில், கதவுக்கு எதிரே, நானும் அவனும் மட்டும்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"செத்த பேட்டரின்னு சொன்னியளே. செத்தது எவ்வளவு நேரம் தாங்கும்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுல."

"நான் மாத்திப் போட்ட பேட்டரி அது. ஒரு மணி நேரம் தாங்கும். தாங்கலன்னா என் கடைய மூடிருதேன். தாங்கிட்டுன்னா நீங்க வாய மூடிருவியளா?"

கதவுக்குள்ளிருந்து மகளின் குரல் ஆங்கிலத்தில் விட்டுவிட்டுக் கேட்டது. அது நிற்கும்போதெல்லாம் இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம். சந்தில் ஒருவன் டெம்போ ஹாரனை அடித்தபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவனை இந்தியில் திட்டினோம். நானும் அவனும் ஒரே பக்கம் நின்று பேசியது அந்த ஒரு முறைதான்.

ஐம்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. "ஏழு" என்றாள். சதவீதத்தைத்தான் சொன்னாள். பிறகுதான் சிரித்தாள்.

அவன் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனான். மறுநாள் புது ஜாக் வைத்துத் திருப்பி அனுப்பினான். பத்து நாளில் வேலை உறுதியாயிற்று, செம்பூரில் ஒரு அலுவலகம். மகள் முதலில் போன் போட்டது அவனுக்கு. எனக்கு மனைவி சொல்லித்தான் தெரியும்.

எனக்கு இன்னும் அவனைப் பிடிக்காது. இந்த வருடம் பூஜையன்று காலையிலேயே போன் செய்தான். "அத்தான், சந்தனக் கிண்ணத்த அக்கா கையில குடுத்துட்டியளா?"

"உன் சோலியப் பாருல" என்று வைத்துவிட்டேன். கிண்ணம் விடிந்ததிலிருந்தே அவள் கையில்தான் இருந்தது.