பிரேக் இல்லாத எட்டு சைக்கிள்கள்

பந்தய சைக்கிளை வாழ்நாளில் தொட்டிராத ஒருவர் அதைப் பழுது என்று எழுதினால், நீங்கள் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் டீ குடிப்பீர்கள்.

ஷாதிபூர் வசந்தகுமாரி பதினோரு வருஷம் சாலையிலும் ட்ராக்கிலும் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர். அப்பா ராக்கப்பனுக்குச் சாத்தம் மரமில்லில் வேலை. மரைன் ஹில் ஏற்றத்தில் பழகிய கால்களோடு, தீவிலிருந்து மெயின்லேண்ட் போட்டிகளுக்கு மூன்று நாள் கப்பலில் போவார். இறங்கிய மறுநாளும் தரை ஆடும். அந்த ஆட்டத்தோடே இரண்டு வெள்ளிப் பதக்கம் வாங்கினார். பாராட்டு விழாவில் ஒரு பொன்னாடையும், "இனிமே கல்யாணம்தானே" என்ற அறிவுரையும் தந்தார்கள். முழங்கால் போனதும் ஓய்வு. இப்போது எட்டுப் பெண்களுக்குப் பயிற்சி தருகிறார். அவர்களுக்கு இருப்பதே விளையாட்டுத் துறை கொடுத்த எட்டு ட்ராக் சைக்கிள்கள்தான்.

போன மாதம் ஸ்டோரைச் சரிபார்க்கத் துறை அலுவலகத்திலிருந்து நாகலிங்கம் என்ற அதிகாரி வந்தார். கையில் இருந்ததோ பியூன்கள் தபால் கொண்டுபோகும் சைக்கிளுக்கான படிவம்.

"மேடம், பிரேக் கஹான்? எங்க இருக்கு?"

"ட்ராக் வண்டிக்கு பிரேக் கிடையாது சார். முன்னால போறவ சட்டுனு பிடிச்சா, பின்னால வர்றவங்க மேல வந்து விழுவாங்க. பெடலை எதிர்த்து மிதிச்சு வேகத்தைக் குறைப்போம்."

"பெல்? கேரியர்?"

"இதுல தபால் போகாது சார்."

"அச்சா. அப்ப பதினோரு வருஷம் ஓட்டிட்டு எப்படி நின்னீங்க?"

"முழங்கால் நிறுத்திச்சு."

எட்டுக்கும் 'தகுதியற்றது' என்று விழுந்தது. ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் நசுக்கியது இதே அலுவலகம். பழத்துக்குப் பத்திரமாக இருந்த வண்டி படிவத்துக்கு ஆபத்தாகிவிட்டது.

பயிற்சியாளர் கையெழுத்துக்கான கட்டத்தில் வசந்தகுமாரி எழுதினார்: 'ஒப்புக்கொள்ளவில்லை. குறை வண்டியில் இல்லை, படிவத்தில்.'

படிவத்தில் கிறுக்கியதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை எட்டு வண்டியும் பழைய இரும்பாக ஏலம் போகின்றன. தேசியப் போட்டிக்கான தேர்வு அடுத்த மாதம். வண்டி போனால் பெண்கள் எதில் ஓட்டுவார்கள் என்று கேட்கப் போன வசந்தகுமாரியிடம் நாகலிங்கம் அலுத்துக்கொண்டார்.

"நீங்க ஒருத்தர் எழுதினா அது பர்சனல் கம்ப்ளெயின்ட், மேடம். பப்ளிக் எழுதினாத்தான் ஃபைல் மேல போகும்."

அவர் சொல்லும் பப்ளிக் நீங்கள்தான். வியாழக்கிழமைக்குள் விளையாட்டுத் துறைச் செயலருக்கு உங்கள் பெயரும் முகவரியும் போட்டு நாலு வரி எழுதுங்கள்: ஏலத்தை நிறுத்து, சைக்கிள்களைப் பெண்களிடம் கொடு.